தேவி பிரசாத் ராய் சௌத்ரி

தேவி பிரசாத் ராய் சௌத்ரி (ஜூன் 15, 1899 - அக்டோபர் 15, 1975) இந்திய ஓவியரும் சிற்பியும் ஆவார். வங்காளத்தில் பிறந்த இவர், தம் வாழ்வின் முதன்மையான பகுதியைச் சென்னையில் கழித்தார். சென்னை அரசு கலைத்தொழிற் பள்ளியின் (இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி) தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் இவரே. மெரீனா கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலை, காந்தி சிலை ஆகிய இரண்டையும் செய்தவர் இவர். அச்சிலைகளை நாள்தோறும் கடந்து செல்வோருள் பலருக்கு இவரது பெயர் தெரியாது. மனித உடலை, குறிப்பாக ஆடை குறைந்த அல்லது ஆடையற்ற உழைக்கும் உடலை, அதன் எலும்பும் தசையும் எடையும் தோன்றப் பொதுவெளியில் நிறுத்தியது இவரது தனிப் பங்களிப்பாகக் கருதப்படுகிறது.

இளமை

ராய் சௌத்ரி பிரிக்கப்படாத வங்காளத்தின் ரங்க்பூர் பகுதியிலுள்ள தாஜ்ஹாட் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் தற்போது வங்காளதேசத்தில் உள்ளது. இவரது குடும்பம் நிலக்கிழார் குடும்பமாகும். பொதுக் கல்வியை வீட்டிலேயே பயின்றார். இளமையில் மற்போரிலும் வேட்டையிலும் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தார். புல்லாங்குழல் வாசிப்பிலும் தேர்ந்தவர். பிற்காலத்தில் வங்காள மொழியில் சிறுகதைகளும் எழுதினார். இவற்றுள் மற்போர்ப் பயிற்சியைத் தனியே குறிப்பிட வேண்டும். ஓர் உடல் மற்றோர் உடலை எவ்வாறு தாங்குகிறது, எடையைத் தள்ளும்போது முதுகும் தொடையும் எவ்வாறு இறுகுகின்றன என்பனவற்றை அவர் நூல்களில் படிப்பதற்கு முன்பே தம் உடலில் அறிந்திருந்தார். அவரது பிற்காலச் சிற்பங்களைக் காண்போர்க்கு இத்தொடர்பு எளிதில் விளங்கும்.

குருவும் சீடரும்

ஓவியத்தில் இவரது ஆசிரியர் அவனீந்திரநாத் தாகூர் ஆவார். அவனீந்திரநாத், வங்காளப் பாணி எனப்படும் ஓவிய இயக்கத்தின் தலைவர். ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவியத்தின் பருமையையும் நிழலையும் தவிர்த்து, முகலாயச் சிற்றோவியம், அசந்தா சுவரோவியம், சப்பானிய நீர்வண்ண முறை ஆகியவற்றிலிருந்து மென்மையான கோட்டையும் கழுவப்பட்ட வண்ணத்தையும் இவ்வியக்கம் எடுத்துக்கொண்டது. ராய் சௌத்ரியின் தொடக்கக்கால ஓவியங்கள் முழுவதும் இம்முறையில் அமைந்தவை.

உடலை வரைவது குறித்து அவனீந்திரநாத்துக்குத் தெளிவான கருத்து இருந்தது. இந்தியக் கலையில் உடற்கூறு என்பது பற்றி 1914 இல் அவர் வெளியிட்ட சிறு நூலில், இந்தியக் கலைஞர்கள் உறுப்புகளை மருத்துவ நூலின்படி வரையவில்லை என்றும், இயற்கையின் வடிவங்களோடு ஒப்பிட்டே அமைத்தனர் என்றும் விளக்கினார். கண்ணுக்குக் கயல், ஆணின் மார்பும் வயிறும் சேர்ந்த பகுதிக்குப் பசுவின் முகம் என இவ்வொப்புமைகள் தொடர்கின்றன. சிற்ப நூல்களின் தாள அளவும் இதன்பாற்பட்டதே. முகத்தின் நீளம் ஒரு தாளம் எனப்படும். தெய்வ உருவின் உயரம் ஒன்பது அல்லது பத்துத் தாளம் என வகுக்கப்படும். இம்முறையில் உடல் ஓர் இலக்கணம். அதில் தசையின் முடிச்சுக்கோ முட்டியின் எலும்புக்கோ இடமில்லை. இவ்விதிகள் வழிபாட்டு உருவங்களுக்கே உரியவை என்றும், கலைஞன் அவற்றுக்கு அடிமையாக வேண்டியதில்லை என்றும் அவனீந்திரநாத் அந்நூலிலேயே இடமளித்திருந்தார்.

சீடர் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டு வேறு பக்கம் சென்றார். இத்தாலிய ஓவியர் ஒருவரிடம் மேற்கத்திய முறையில் உருவப்படம் வரைதலையும் உடலை நேரில் பார்த்து வரைதலையும் கற்றார். சிற்பக் கலையின் தொடக்கப் பயிற்சியை ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம் பெற்றார். பிரெஞ்சுச் சிற்பி ரோடேனின் (1840-1917) படைப்புகள் இவரை ஆழமாகப் பாதித்தன. களிமண்ணில் விரல் பதிந்த தடத்தை அழிக்காமல் விடுவதும், மேற்பரப்பை மேடு பள்ளமாக அமைத்து ஒளியைச் சிதறச் செய்வதும் ரோடேனிடமிருந்து இவர் பெற்ற முறைகளாகும்.

இதன் விளைவாக இவருள் இரு கலைஞர்கள் உருவாயினர். நீர்வண்ண ஓவியத்தில் அவர் நெடுங்காலம் குருவின் மென்மையைக் கைவிடவில்லை. சிற்பத்தில் அம்மென்மையின் சாயல் சிறிதும் இல்லை. ஒரே கலைஞர் இரு ஊடகங்களில் உடலைப் பற்றி இரு வேறு எண்ணங்களோடு பணியாற்றியது வியப்புக்குரியது. ஓவியத்தில் உடல் ஒரு கனவு போல் மிதக்கிறது. சிற்பத்தில் அது தரையில் காலூன்றி மூச்சு வாங்குகிறது.

சென்னைக்கு வருகை

சென்னைக் கலைப்பள்ளி 1850 ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவரால் தனியார் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் அரசு இதனை ஏற்றது. மரவேலை, உலோகவேலை, மட்பாண்டம், நெசவு வடிவமைப்பு முதலிய கைத்தொழில்களே இங்கு முதன்மை பெற்றிருந்தன. கட்டடக் கலைஞர் இராபர்ட் சிசோம், கலை வரலாற்றாளர் ஈ. பி. ஹேவல் ஆகியோர் இதன் தலைவர்களாக இருந்தவர்கள். ஹேவல் சென்னையிலிருந்து கல்கத்தா சென்ற பின்னரே அவனீந்திரநாத்துடன் இணைந்து வங்காளப் பாணிக்கு வித்திட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவனீந்திரநாத்தின் மாணவர் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்து, ஹேவல் விரும்பாத உடற்கூற்றுப் பயிற்சியைப் பாடமாக்கினார்.

ராய் சௌத்ரி 1929 ஆம் ஆண்டு இப்பள்ளியின் பொறுப்பை ஏற்று 1957 வரை, ஏறத்தாழ 28 ஆண்டுகள், பணியாற்றினார். கைத்தொழிற் பள்ளியாக இருந்ததை ஓவியமும் சிற்பமும் கற்பிக்கும் கலைப்பள்ளியாக மாற்றியது இக்காலத்தின் முதன்மையான நிகழ்வு. பிற ஓவியங்களைப் பார்த்துப் படியெடுக்கும் பழக்கத்தைக் குறைத்து, மாணவர்களைத் தெருவுக்கும் கடற்கரைக்கும் சந்தைக்கும் அனுப்பி நேரில் பார்த்து வரையச் செய்தார். உயிருள்ள மனிதரை முன்னிறுத்தி வரையும் வகுப்புக்கு முதன்மை அளித்தார்.

உயிர் மாதிரி வகுப்பு

ஐரோப்பியக் கலைப்பள்ளிகளில் ஆடையற்ற மாதிரியை (மாடல்) வரைவது பல நூற்றாண்டுகளாகக் கட்டாயப் பாடம். இந்தியாவில் ஆங்கிலேயர் தொடங்கிய பள்ளிகளில் இப்பாடம் நெடுங்காலம் முழுமையாக இடம்பெறவில்லை. அதற்கு மாற்றாகக் கிரேக்க, உரோமைச் சிலைகளின் சாந்து வார்ப்புகளைக் கப்பலில் வரவழைத்து வகுப்பில் வைத்தனர். மாணவர்கள் அவற்றைப் பார்த்து வரைந்தனர். இதனால் ஓர் இந்திய மாணவன் அப்பல்லோவின் மார்பை நன்கறிந்து, தன் ஊர் வண்டிக்காரரின் தோளை அறியாதிருந்தான். பம்பாய் சர் ஜே. ஜே. கலைப்பள்ளியில் கிளாட்ஸ்டன் சாலமன் 1920 ஆம் ஆண்டையொட்டி ஆடையற்ற மாதிரி வகுப்பைத் தொடங்கியபோது அது பெரிய மாற்றமாகக் கருதப்பட்டது.

எதிர்ப்புக்கு இரு முனைகள் இருந்தன. ஒன்று நாணம் சார்ந்தது. ஊதியம் பெற்று ஆடை நீக்கி நிற்போரை, குறிப்பாகப் பெண்களை, சமூகம் இழிவாகவே பார்த்தது. மற்றொன்று நாட்டுப்பற்று சார்ந்தது. உடற்கூறு அயல்நாட்டுச் சரக்கு என்றும், இந்தியக் கலை உள்ளொளியைக் காட்டுவது என்றும் பலர் கருதினர்.

முதல் எதிர்ப்பு தமிழ்நாட்டில் சற்று விந்தையாகவே ஒலிக்கும். ஆடையற்ற உடல் இங்குள்ள கோயில்களுக்குப் புதிதன்று. சமணத் தீர்த்தங்கரர்கள் ஆடையின்றி நிற்கின்றனர். பிச்சாடனராகிய சிவன் ஆடையின்றி நடக்கிறார். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் தவம் செய்பவரின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனிகளில் வற்றிய மார்பும் எலும்புந்தோலுமான உடலும் அச்சமின்றிக் காட்டப்பட்டுள்ளன. ஆயினும் இவையனைத்தும் தெய்வத்துக்கோ அடியார்க்கோ துறவிக்கோ உரிய உடல்கள். ராய் சௌத்ரி முன்வைத்தது யாரோ ஒருவரின் உடலை. வாயிற்காவலரும் கூலித்தொழிலாளியும் பாடப்பொருளாக ஆகத் தக்கவர் என்பதே அவ்வகுப்பின் உட்பொருள்.

இரண்டாம் எதிர்ப்புக்கு அவர் தம் படைப்பின் வழியாகவே விடையளித்தார். கலைஞன் இயற்கையை விட்டு விலகலாம், ஆனால் எதிலிருந்து விலகுகிறோம் என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும் என்பதே அவரது கற்பித்தலின் அடிப்படை. எலும்பு எங்குள்ளது என்று தெரிந்த கை அதை மறைக்கலாம், தெரியாத கையால் மறைக்கவும் இயலாது. உடற்கூறு அவருக்கு ஒரு கருவி மட்டுமே. அவரது சிற்பங்களில் தசைகள் மருத்துவப் படத்திலுள்ளதைப் போல் ஒழுங்காக அமைவதில்லை. வேண்டிய இடத்தில் மிகைப்படுத்தியும் வேண்டாத இடத்தில் கரைத்தும் விட்டிருக்கிறார்.

சிற்பம் செய்யும் முறை

இவர் பெரும்பாலும் கல்லைச் செதுக்கும் சிற்பியாக இல்லாமல் களிமண்ணைக் கூட்டி உருவாக்கும் சிற்பியாக இருந்தார். இவ்வேறுபாடு முக்கியமானது. கல்லில் வேண்டாததை நீக்கி உள்ளே செல்ல வேண்டும். களிமண்ணில் இரும்புக் கம்பிச் சட்டகத்தின் மேல் மண்ணை அப்பி வெளியே வர வேண்டும். சட்டகம் எலும்புக்கூட்டின் வேலையைச் செய்கிறது. அதன் மேல் தசைத் திரளாக மண் ஏறுகிறது. ஆடையணிந்த உருவமாயினும் முதலில் ஆடையற்ற உடலைச் செய்து, பின்னரே துணியின் மடிப்புகளை மேலே இடுவது இம்முறையில் தேர்ந்த சிற்பிகளின் வழக்கம். உடல் சரியாக இல்லையெனில் துணி பொய் சொல்லும். ஆகவே ஆடையற்ற உடலின் படிப்பு, வேட்டி கட்டிய தலைவரின் சிலைக்கும் தேவையாகிறது.

களிமண் உருவம் முடிந்ததும் அதன்மேல் பாரிசுச் சாந்து ஊற்றி அச்சு எடுக்கப்படும். அவ்வச்சிலிருந்து சாந்து வார்ப்பும், பின்னர் வெண்கல வார்ப்பும் செய்யப்படும். பெரிய சிலைகள் உள்ளீடற்றவையாகப் பல பகுதிகளாக வார்த்து இணைக்கப்படுகின்றன. சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தைத் திண்மமாக ஊற்றுவதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கு ஒவ்வோர் அச்சும் ஒரே சிலைக்குத்தான் பயன்படும். சாந்து அச்சு முறையில் ஒரே உருவத்துக்குப் பல வார்ப்புகள் செய்யலாம். உழைப்பாளர் சிலையின் மற்றொரு வார்ப்பு புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூட வளாகத்தில் இருப்பது இதனால்தான்.

உழைப்பாளர் சிலை

ராய் சௌத்ரியின் மிகப் புகழ்பெற்ற படைப்பு இது. உழைப்பின் வெற்றி என்னும் பொருள்படும் பெயரைச் சிற்பி இதற்கு இட்டார். மக்கள் வழக்கில் உழைப்பாளர் சிலை என்றே நிலைத்துவிட்டது. 1959 ஆம் ஆண்டு சனவரி 25 ஆம் நாள், குடியரசு நாளுக்கு முந்தைய நாள், மெரீனாவின் வடபகுதியில் நிறுவப்பட்டது.

நான்கு ஆண்கள் ஒரு பெரும் பாறையைப் பெயர்த்துப் புரட்ட முயல்கின்றனர். இடுப்பில் சிறு துணி தவிர உடலில் வேறொன்றுமில்லை. பாறை இன்னும் நகரவில்லை. நகரப்போகும் நொடியைச் சிற்பி பிடித்திருக்கிறார். கால்விரல்கள் தரையைக் கவ்வுகின்றன. கெண்டைக்கால் தசைகள் உருண்டு நிற்கின்றன. முதுகெலும்பின் பள்ளமும் தோள்பட்டை எலும்பின் விளிம்பும் தெளிவாகத் தெரிகின்றன. இவ்வுடல்கள் உடற்பயிற்சிக் கூடத்து உடல்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவை மெலிந்தவை. கொழுப்பற்ற, நரம்பு முறுக்கிய, சென்னைத் துறைமுகத்திலும் செங்கற்சூளையிலும் காணக்கூடிய உடல்கள். ரோடேனின் மாந்தர் தம்முள் ஆழ்ந்து வருந்துவர். இவர்களுக்கு அதற்கு நேரமில்லை. பார்வையாளர் முகங்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும், குனிந்த முகங்கள் பாதி மறைந்தே உள்ளன. முன்புறம் மட்டும் பார்த்துச் செல்வோர் சிற்பத்தின் பாதியை இழக்கின்றனர். சுற்றிவந்து பார்ப்பதற்காகவே அது செய்யப்பட்டுள்ளது.

இச்சிலைக்கு மாதிரியாக நின்றவர்களுள் ஒருவர் கலைப்பள்ளியின் இரவுக் காவலர் என்பது பதிவாகியுள்ளது. உயிர் மாதிரி வகுப்பு பொதுச் சிலையாக முடிந்ததற்கு இதைவிடப் பொருத்தமான சான்று இல்லை.

அதுவரை சென்னையின் சிலைகள் யாருடையவை என்பதை எண்ணிப்பார்த்தால் இதன் புதுமை விளங்கும். தீவுத்திடலருகே சேந்திரி வடித்த சர் தாமஸ் மன்றோ 1839 முதல் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். மவுண்ட் சாலையில் நின்ற படைத்தலைவர் நீலின் சிலைக்கு எதிராக 1927 இல் போராட்டம் நடந்து, 1937 இல் அச்சிலை அகற்றப்பட்டது. ஆளுநர்கள், படைத்தலைவர்கள், அரசர்கள் ஆகியோருக்கே சிலை என்பது அக்கால வழக்கம். எல்லோரும் சீருடையிலோ அரச உடையிலோ நின்றனர். இந்நிலையில் பெயரற்ற நால்வர், ஏறத்தாழ ஆடையின்றி, அதே நகரின் மிகச் சிறந்த சாலையில் வெண்கலத்தில் இடம்பெற்றனர். தமிழகத்தில் போரில் மாண்ட எளிய வீரனுக்குக் கல் நடும் மரபு தொன்மையானது. தருமபுரி மாவட்டத்தில் அத்தகைய நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. ஆனால் அவையும் ஆயுதம் ஏந்தியவனுக்கு உரியவை. நெம்புகோல் ஏந்தியவனுக்குச் சிலை என்பது புதிது.

இந்தியாவின் முதல் மே நாள் 1923 ஆம் ஆண்டு சிங்காரவேலரால் சென்னையில் கொண்டாடப்பட்டது. அந்நகரில் இச்சிலை அமைந்ததால், மே நாளன்று தொழிற்சங்கத்தினர் கூடும் அடையாளமாகவும் இது விளங்குகிறது.

காந்தி சிலை

மெரீனாவில் இராதாகிருஷ்ணன் சாலை முடியுமிடத்தில் உள்ள நடைபயிலும் காந்தி சிலையும் 1959 இல் நிறுவப்பட்டதே. கொல்கத்தாவிலும் இவர் செய்த காந்தி சிலை ஒன்று உள்ளது.

காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அதன் பின்னர் அவரது உடலே ஓர் அரசியல் கூற்றாயிற்று. பிரித்தானிய அரசியலர் சிலர் அதை எள்ளி நகையாடினர். இத்தகைய தலைவருக்குச் சிலை செய்யும் சிற்பி ஆடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. பிற தலைவர்களின் சிலைகளில் நீண்ட மேலங்கி பல குறைகளை மறைத்துவிடும். காந்தியிடமோ மெலிந்த காலும் முட்டியும் கழுத்தெலும்பும் திறந்தே உள்ளன. ராய் சௌத்ரி அவ்வுடலை வலிமையற்றதாகக் காட்டவில்லை. முன்னே எடுத்து வைத்த அடியும், உடல் சற்றே முன்சாய்ந்த நிலையும் விரைவை உணர்த்துகின்றன. நாடெங்கும் சிமெண்டில் செய்து நிறுத்தப்பட்ட எண்ணற்ற காந்தி சிலைகளோடு இதனை ஒப்பிடுவோர், கண்ணாடியும் கைத்தடியும் மட்டும் காந்தி ஆகிவிடா என்பதை உணர்வர்.

பஞ்சமும் முதுமையும்

1943 ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் 20 முதல் 30 இலட்சம் மக்கள் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. இக்கொடுமை இந்தியக் கலைஞர் பலரைப் பாதித்தது. சைனுல் ஆபிதீன், சித்தபிரசாத் ஆகியோர் கோட்டோவியங்களில் பதிவுசெய்தனர். சென்னையிலிருந்த ராய் சௌத்ரி, பசிக்கு இரையானோர் என்னும் பொருளில் சிற்பம் படைத்தார். இதில் உடற்கூற்றறிவு வேறு வகையில் பயன்பட்டது. தசை இல்லாத உடலைச் செய்வதற்கும் தசையின் அறிவு தேவை. முதுமையின் குளிரைக் காட்டும் குளிர்காலம் வரும்போது என்னும் சிற்பமும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

ஆடையற்ற உடலைக் கலையில் காட்டுவது இன்பத்துக்காக மட்டுமே என்னும் பொதுவான எண்ணத்தை இப்படைப்புகள் மறுக்கின்றன. பெண்ணின் அழகை இவர் வரையாமலில்லை, நீராடும் பெண்களும் மலைவாழ் பெண்களும் இவரது ஓவியங்களில் இடம்பெறுகின்றனர். ஆனால் சிற்பத்தில் அவரது நாட்டம் வேலை, பசி, முதுமை என்னும் மூன்றின்பாலே மிகுதியாகச் சென்றது. இம்மூன்றும் உடலை மாற்றி எழுதுபவை. காரைக்கால் அம்மையாரின் வற்றிய உடல் அவரே வேண்டிப் பெற்றது. பஞ்சத்தில் வற்றிய உடல் யாரும் வேண்டாதது. இவ்வேறுபாட்டைப் பார்ப்பவர் உணரும்படி செய்வதே சிற்பியின் கடினமான பணியாக இருந்தது.

பிற நினைவுச் சின்னங்கள்

திருவிதாங்கூரின் 1936 ஆம் ஆண்டுக் கோயில் நுழைவு அறிவிப்பை நினைவுகூரும் சிற்பத்தை இவர் திருவனந்தபுரத்துக்காகச் செய்தார். பாட்னா தலைமைச் செயலகத்தின் முன் உள்ள தியாகிகள் நினைவுச் சின்னம் மற்றொன்று. 1942 ஆகஸ்டு 11 அன்று வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கொடியேற்றச் சென்று சுடப்பட்டு இறந்த ஏழு மாணவர்களை இது காட்டுகிறது. வெண்கல வார்ப்பு இத்தாலியில் செய்யப்பட்டது. 1956 இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் இதனைத் திறந்து வைத்தார். இங்கு எல்லோரும் ஆடையணிந்த மாணவர்கள். எனினும் குண்டடிபட்டுச் சரியும் உடலின் எடை, துணிக்குள்ளிருந்தே தெரிகிறது.

மாணவர்கள்

கே. சி. எஸ். பணிக்கர், எஸ். தனபால், பிரதோஷ் தாஸ்குப்தா, பரிதோஷ் சென், கோபால் கோஷ், கே. சீனிவாசுலு, ஜே. சுல்தான் அலி, ஏ. பி. சந்தானராஜ் முதலியோர் இவரிடம் அல்லது இவரது தலைமையில் பயின்றோர். பணிக்கர் 1944 இல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கம் அமைத்தார். 1957 இல் ஆசிரியருக்கு அடுத்துக் கல்லூரித் தலைவரானார். 1966 இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்.

இம்மாணவர்களுள் ஒருவரும் ஆசிரியரைப் போலச் சிற்பமோ ஓவியமோ செய்யவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. பணிக்கர் உருவங்களைக் கைவிட்டுச் சொற்களும் குறியீடுகளும் நிறைந்த ஓவியங்களுக்குச் சென்றார். தனபால் தசைகளை விடுத்து நாட்டார் வடிவங்களையும் எளிய திரட்சியையும் நாடினார். ராய் சௌத்ரி தம் நடையை மாணவர்மேல் திணிக்கவில்லை என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது. அவரது இயல்புவாதம் காலத்தால் பிற்பட்டது என்னும் திறனாய்வும் 1950களிலிருந்தே எழுந்தது. அரூப ஓவியம் உலகெங்கும் பரவிய காலத்தில் எலும்பையும் தசையையும் பற்றிநின்ற கலைஞர் பழமையாளராகவே தோன்றினார். இத்திறனாய்வில் ஓரளவு உண்மை உண்டு, அவரது சில உருவச் சிலைகள் ஒப்பனையான வீறு மட்டுமே கொண்டவை. ஆனால் உழைப்பாளர் சிலையை அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. அதன் பின் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளுள் உடலின் இயக்கத்தை இத்துணைத் துல்லியமாகக் காட்டும் பிறிதொன்றைக் கூறுவது கடினம்.

பதவிகளும் சிறப்புகளும்

1937 இல் பிரித்தானிய அரசு இவருக்கு எம். பி. இ. பட்டம் அளித்தது. 1954 இல் லலித் கலா அகாதமி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்த்தப்பட்டார். 1958 இல் பத்ம பூசண் விருதும், 1962 இல் லலித் கலா அகாதமியின் உறுப்பினர் தகைமையும் பெற்றார். 1968 இல் கொல்கத்தா இரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. இவரது மகன் பாஸ்கர் ராய் சௌத்ரி நடனக் கலைஞர்.

இறுதிப் படைப்பு

காந்தியின் 1930 ஆம் ஆண்டுத் தண்டி நடைப்பயணத்தைக் காட்டும் பதினொரு உருவங்கள் கொண்ட பெருஞ்சிற்பம் இவரது இறுதிப் பெரும்பணியாகும். காந்தியின் பின்னே ஆணும் பெண்ணும் முதியவரும் இளையவருமாகப் பத்துப் பேர் நடக்கின்றனர். 1975 அக்டோபரில் ராய் சௌத்ரி காலமானார். சிற்பம் 1982 இல் புதுதில்லியில் நிறுவப்பட்டது. பதினொரு சிலை என்னும் பொருளில் இந்தியில் கியாரா மூர்த்தி என அழைக்கப்படுகிறது. 2016 நவம்பர் 8 அன்று செல்லாததாக அறிவிக்கப்பட்ட பழைய 500 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்த படம் இச்சிற்பத்தினுடையதே.